நூற்று நாற்பத்தொன்றாம் கோப்பு

மேசொட்,
பிப்ரவரி 14

அன்புத் தம்பி பியே சோனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ உயிரோடு இருப்பது நீ சொல்லி எனக்குத் தெரியவில்லை. நேற்று மாலை எங்கள் இணைய ஆவணப் பெட்டகத்தில் உன் கேமராவிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் வந்து விழுந்தன. அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். குன்றின்மேல் ஏறி சிக்னல் பிடித்து இத்தனை படங்களை ஏற்றத் தெரிந்தவனுக்கு, “அக்கா, நான் நன்றாக இருக்கிறேன்” என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லை. போகட்டும். உன் பெயருக்கும் என் பெயருக்கும் மட்டும் திறக்கும்படி தனியாக ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். இனிமேல் கடிதத்தை அதில் போடு. போனில் பேச வேண்டாம்.

எல்லைக்கு இந்தப் பக்கம், இங்கே நாங்கள் மூன்று பேர். காலையிலிருந்து மாலைவரை ஒவ்வொரு கோப்பாகத் திறந்து யார், எங்கே, எப்போது, செய்தது யார் என்று எழுதி அடுக்குகிறோம். கல்லூரி நூலகத்தில் பன்னிரண்டு வருடம் புத்தகம் அடுக்கியவளுக்கு இது கைவந்த வேலை என்றுதான் என்னைச் சேர்த்தார்கள். புத்தகம் நம்மைத் திரும்பிப் பார்க்காது என்பதை அவர்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஏழாவது கோப்பில் சின்ன மாமாவைப் பார்த்தேன். முகத்தை வைத்து அடையாளம் காண முடியவில்லை. இடுப்பு பெல்ட்டின் கொக்கி அவருடையது. கைகள் பின்னால் கட்டியபடியே எரிந்திருக்கின்றன. நீ அதற்கு ‘ஏழு’ என்று மட்டும் பெயர் போட்டிருக்கிறாய். கல்யாண வீடியோ எடுத்த காலத்தில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், நாள் எல்லாம் பூப்போட்டு எழுதுவாய். நம் மாமாவுக்கு ஒரு எண் போதுமா? பெயரை நானே எழுதிவிட்டேன்.

ஒரே ஒரு கோப்புக்கு மட்டும் நீ முழுதாகக் குறிப்பு எழுதியிருக்கிறாய். நூற்று நாற்பத்தொன்று. “ஊ தௌங், வயது 58. பனந்தோப்பில் படையினர் செய்த கொலை.” அதில் எனக்கு ஒரு சந்தேகம். அரசுப் படை மாமாவின் ஊர் தனாங்கோனுக்குள் வந்தது மூன்றாம் தேதி, போனது நான்காம் தேதி காலை. உன் மற்ற கோப்புகள் அப்படித்தான் சொல்கின்றன. இந்த வீடியோ ஆறாம் தேதி எடுத்தது. படத்தில் தெரியும் கால்களில் எல்லாம் ரப்பர் செருப்பு. என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுது, சரிசெய்துவிடுகிறேன்.

குன்றின்மேல் வெயிலில் தொப்பி இல்லாமல் உட்காராதே.

உன் அக்கா,
சபே


தனாங்கோனுக்கு மேற்கே,
பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாகத்தான் இருக்கிறேன். தொப்பி எரிந்துவிட்டது. வீடும்தான். நீ அதைக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு வந்தார்கள். நான் எள் வயலுக்கு அந்தப் பக்கம், கிணற்று மேட்டுக்குப் பின்னால் படுத்திருந்தேன். வழக்கமாக வந்தால் முதல் வீட்டிலிருந்து வரிசையாகக் கொளுத்துவார்கள். அன்றைக்கு அப்படி இல்லை. கையில் ஒரு தாள் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். எதிர்வீட்டு அம்மா சொன்னது: அதிகாரி விரல் வைத்துப் படித்திருக்கிறான், “பதினேழு வீடு. ஒண்ணு விடாம பாத்துக்கங்கடா.”

பதினேழு. காட்டில் இருந்து படையை எதிர்க்கும் எங்கள் ஆட்களுக்கு அரிசி கொடுக்கும் வீடுகள் பதினேழு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புத்தர் கோயிலை ஒட்டி இருக்கும் குடிசை அரிசி கொடுக்காத வீடு. அதை ஒரு பொறிகூடத் தொடவில்லை.

மாமாவை முற்றத்தில் மண்டிபோட வைத்தார்கள். “கெழவா, அரிசி எங்கடா போவுது?” என்று கேட்டு வாயில் அடித்தார்கள். அவர் ரத்தத்தைத் துப்பிவிட்டு, “பசிச்சா கேட்டிருக்கலாமே, உங்களுக்கும் போட்டிருப்பேன். இதுக்கு எதுக்கு இத்தனை துப்பாக்கி?” என்றார். இதுவும் அந்த எதிர்வீட்டு அம்மா கேட்டுச் சொன்னதுதான். உனக்குத்தான் தெரியுமே அவர் வாய். கையைக் கட்டி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திப் பெட்ரோல் ஊற்றினார்கள். நான் படம் பிடித்துக்கொண்டிருந்தேன் அக்கா. என்னால் செய்ய முடிந்தது அதுதான். கதவு உள்ளேயிருந்து எட்டு முறை அதிர்ந்தது. படத்தில் நீயே எண்ணலாம்.

எங்கள் தலைவன் கோ ஜௌவின் மனைவி மா லே வீட்டில் தனியாக இருந்தாள். அவளையும் அப்படியே. எல்லாம் சேர்த்து ஆறு பேர்.

அந்தப் பட்டியலை எவனோ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். ஊரில் இன்றைக்கும் இதே பேச்சு.

நூற்று நாற்பத்தொன்றை அப்படியே விட்டுவிடு. கேமராவில் தேதி தப்பாக இருந்தது. படையிலும் பாதிப் பேர் செருப்புதான் போடுகிறார்கள்.

தம்பி,
பியே சோன்


மேசொட்,
மார்ச் 6

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். கதவை நான் எண்ணவில்லை. எண்ண மாட்டேன்.

நேற்று ஒரு அம்மா வந்தார். பெயர் டோ ஏ மியிங். தனாங்கோனிலிருந்து பதிமூன்று நாள் பஸ்ஸிலும் லாரியிலும் நடந்தும் வந்திருக்கிறார். மகள் இங்கே தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். காணாமல் போனவர்களின் முகங்களை இங்கே பார்க்கலாம் என்று யாரோ சொல்லி மகள்தான் அழைத்துக்கொண்டு வந்தாள். பாதம் இரண்டும் வீங்கி, ஒரு காலில் புண். சர்க்கரை நோயாம்.

“எங்க வீட்டுக்காரர் பேரு ஊ தௌங்,” என்றார். “ஆறாந்தேதி காலையில சைக்கிள்ல டவுனுக்குப் போனாரு. திரும்பி வரல. தோப்புல ரத்தம் இருந்துச்சு, சைக்கிள் இருந்துச்சு, ஆள் இல்ல. படைக்காரன் கொண்டுபோயிட்டான்னு சொல்றாங்க. உயிரோட இருக்காரா இல்லையான்னு மட்டும் சொல்லு மா.”

எதற்காக டவுனுக்கு என்று கேட்டேன். பழக்கதோஷம், ஒரு கட்டம் விடாமல் நிரப்பியே பழகிவிட்டேன்.

“எனக்கு ஊசி மருந்து வாங்கத்தான். வாரத்துல ரெண்டு தடவை. பேசுற பட்டன் போன் ஒண்ணுதான் வெச்சிருப்பாரு. அதுல படம்கூடத் தெரியாது.”

என் முன்னால் திரையில் நூற்று நாற்பத்தொன்று இருக்கிறது. திரையை அவர் பக்கம் திருப்ப மூன்று அங்குலம் போதும். நான் திருப்பவில்லை. தேடிப் பார்க்கிறோம், அடுத்த வாரம் வாங்க என்று சொல்லி அனுப்பினேன். பொய் சொன்னேன்.

அவர் போன பிறகு காதில் மாட்டிக்கொண்டு அந்தக் கோப்பை மூன்று முறை கேட்டேன். சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் நம் ஊர்ப் பேச்சு பேசுகிறார்கள். ஒருவன் “குடுடா அந்தத் தாளை, எங்க ஒளிச்சு வெச்சே” என்று அடித்துக்கொண்டே கேட்கிறான். அப்புறம் ஒரு குரல், “முழங்கைய மடக்காதே பெரியவரே” என்கிறது. பியே சோன், உனக்கு ஐந்து வயதில் எழுத்துக் கற்றுக் கொடுத்தவள் நான். உன் குரல் எனக்குத் தெரியாதா?

இன்னொன்றும் இருக்கிறது. முதல் நிமிடம் முழுக்கப் படம் ஆடுகிறது. அதற்குப் பிறகு கடைசிவரை அசையவே இல்லை. கேமராவை எதன்மேலோ வைத்துவிட்டாய். அப்படியானால் அதற்குப் பிறகு உன் இரண்டு கைகளும் எங்கே இருந்தன?

எனக்கு எழுது. வேறு யாரிடமும் இதுவரை சொல்லவில்லை.

சபே


மார்ச் 11

அக்கா,

நீ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஒரு நொடியை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்திப் பார்க்கிறாய். எங்களுக்கு நிறுத்துகிற வசதி இல்லை. மாமாவை மண்வெட்டியால் வாரி எடுத்தோம். மா லேயின் வயிற்றில் ஐந்து மாதக் கரு. ஆறாம் தேதி அந்தக் கிழவர் சைக்கிளில் வந்தார். டவுனுக்குள் போய்த் திரும்புகிற ஒரே ஆள் அவர். வேறு யார் கொடுத்திருப்பார்கள், நீயே சொல்.

கோ ஜௌ கேட்டான், “எங்க ஆளு ஒருத்தனாலயும் படைச் சாவடியைத் தாண்ட முடியல. உன்னை மட்டும் எப்படிய்யா விடுறான்?”

“வயசானவன்னு விடுறாங்க தம்பி.”

“பையில என்ன?”

“வீட்டுல உடம்புக்கு முடியல. மருந்து.”

துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தான். இரண்டு பல் மண்ணில் விழுந்தது. பட்டியல், பட்டியல் என்று கேட்டான். கிழவருக்கு எந்தப் பட்டியல் என்றே புரியவில்லை. புரியாததுபோல் நடிக்கிறார் என்று நினைத்தோம். கையை ஒருவன் பிடிக்க வேண்டியிருந்தது. கோ ஜௌ என்னைப் பார்த்தான். கேமராவைக் கள் பானைமேல் வைத்தேன்.

வலது கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்தது நான்தான். கோ ஜௌ பனை சீவும் கத்தியால் கழுத்தில் வெட்டினான். ஒரே வெட்டில் உயிர் போகவில்லை, மூன்று வெட்டு. முதல் வெட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அவர் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. தள்ளிவிடுவதற்கு இல்லை, விழாமல் இருக்கப் பிடிப்பதுபோல. ரத்தம் என் கழுத்துக்குள் சூடாக இறங்கியது. தோப்பின் கோடியில் புதைத்தோம்.

படம் எடுக்கச் சொன்னதே கோ ஜௌதான். துரோகிக்கு என்ன கிடைக்கும் என்று எல்லாரும் பார்க்கட்டும் என்றான். ஒரு வாரம் கழித்து மனம் மாறி, “அழிச்சிரு” என்றான். அதற்குள் உன் பெட்டகம் கேமராவில் இருந்ததையெல்லாம் தானாகவே மேலே இழுத்துவிட்டது. ஏறியதை அழிக்க வேண்டுமென்றால் ஏற்றியவன் ஒரு முறை, அடுக்குபவள் ஒரு முறை சம்மதிக்க வேண்டும். அதனால்தான் குறிப்பை மாற்றி எழுதினேன்.

இன்றைக்கு என் பக்கத்துச் சம்மதத்தைக் கொடுத்துவிட்டேன். உன் திரையில் கேள்வி வந்திருக்கும். நீ ஒரு முறை அழுத்தினால் போதும். அந்த அம்மாவுக்குத் தன் புருஷனைப் படை கொன்றது என்று இருக்கட்டும். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? படை கொன்ற ஆயிரம் பேரில் ஒருவர் கூடுவார். இந்தப் படம் வெளியே போனால் அவர்கள் கொன்ற அத்தனையும் பொய் என்று அவர்களே காட்டுவார்கள்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அக்கா. அழித்துவிடு.

பியே சோன்


மார்ச் 15

பியே சோனுக்கு,

கேள்வி வந்தது. நான்கு நாளாகத் திரையின் ஓரத்தில் நிற்கிறது. நேற்று காலை உண்மையாகவே விரலை வைத்தேன். நீ என் தம்பி. அந்த அம்மா எனக்கு யாரும் இல்லை. அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

அழுத்துவதற்கு முன் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள நினைத்தேன். அந்தக் கிழவர் உண்மையிலேயே காட்டிக்கொடுத்தவராக இருந்தால் எனக்கு அழிப்பது சுலபமாக இருக்கும். அதற்காகத்தான் தேடினேன். மறைக்காமல் சொல்கிறேன், உனக்காகத்தான் தேடினேன்.

பெட்டகம் ஒவ்வொரு கோப்பையும் யார், எந்தக் கருவியில், எந்த நேரத்தில் திறந்தார்கள் என்று எழுதி வைக்கும். அரிசிப் பட்டியலை நீ ஜனவரி பத்தொன்பதாம் தேதி பெட்டகத்தில் போட்டாய். எல்லாரும் சுலபமாகப் பார்க்க வேண்டும் என்று பாஸ்வேர்ட் இல்லாத ஒரு லிங்க் உண்டாக்கி முப்பத்தொரு பேருக்கு அனுப்பினாய். இருபத்தேழாம் தேதி உங்கள் முகாம் சமையற்காரரைச் சாவடியில் பிடித்துப் போனைப் பறித்தார்கள். அன்றைக்கு நீயே இந்தச் செய்தியைப் பெட்டகத்தில் பதிந்திருக்கிறாய். இருபத்தெட்டாம் தேதி காலை பதினொன்றே காலுக்கு அந்தப் போனிலிருந்து லிங்க்கைத் திறந்திருக்கிறார்கள். கால்மணி நேரத்துக்குள் டவுனில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் நான்கு முறை திறந்து, ஒரு முறை அச்சடித்திருக்கிறார்கள். சமையற்காரர் அப்போது அவர்கள் கையில் இருந்தார்.

அதிகாரி விரல் வைத்துப் படித்த தாள் அதுதான். யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. கதவு திறந்து கிடந்தது.

நீ அனுப்பிய முப்பத்தொரு பேரில் ஊ தௌங் இல்லை. அவர் போனில் அதைத் திறக்கவும் முடியாது.

என்னையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி இருபதாம் தேதி என் திரைக்கு ஓர் எச்சரிக்கை வந்தது: பூட்டில்லாத லிங்க் ஒன்று திறந்திருக்கிறது என்று. அன்றைக்கு நானூறு கோப்புகள் வந்திருந்தன. பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவிட்டேன். இரண்டே சொடுக்கில் மூடியிருக்கலாம். மாமா இறந்ததற்கு நானும் காரணம். மா லேயும், ஊ தௌங்கும் இறந்ததற்கும்தான்.

நான் அழிக்க மாட்டேன். படைக்காரன் என்ன சொல்வான் என்று எழுதியிருக்கிறாய். நீ பொய்யாக எழுதிய அந்த ஒரு வரியை அவன் கண்டுபிடித்தால்தான் மாமாவின் கதவும் பொய்யாகிவிடும். டோ ஏ மியிங் மாதக் கடைசியில் வருகிறார். அதற்குள் நீயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடு. இல்லையென்றால் நான் சொல்வேன்.

சபே


மார்ச் 24

அக்காவுக்கு,

இடது கைப் பெருவிரலால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உன்மேல் ஆத்திரமாக இருந்தேன். அப்புறம் ஆத்திரப்பட ஒன்றும் மிஞ்சவில்லை. இன்று காலை புத்த மடத்து மண்டபத்தில் எல்லாரும் கஞ்சிக்கு உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்று சொன்னேன். லிங்க், சமையற்காரர், தேதி, எல்லாம். எங்கள் ஆட்களில் ஒருவன், “அப்போ கெழவன் சும்மாவாடா செத்தான்?” என்று கேட்டான்.

கோ ஜௌ தட்டைக் கீழே வைத்தான். “அப்போ என் பொண்டாட்டியக் கொன்னது உன் லிங்க்கு.”

“ஆமாண்ணே.”

“எந்தக் கையால அனுப்பினே?”

வலது கையை நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று கேட்காதே. கல் படிமேல் வைத்துத் துப்பாக்கிக் கட்டையால் ஐந்து முறை அடித்தான். மூன்றாவதில் எலும்பு வெளியே வந்தது. பிறகு அதே படியில் உட்கார்ந்து அழுதான். “பொழுது சாயறதுக்குள்ள போயிரு. நாளைக்கு உன்னைப் பாத்தா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது,” என்றான்.

குன்றின்மேல் இருக்கிறேன். நடந்ததை முகத்தைக் காட்டிப் பேசிப் பதிந்திருக்கிறேன், ஒன்பது நிமிடம். ஏறிக்கொண்டிருக்கிறது. அழிக்கக் கொடுத்த சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். குறிப்பையும் மாற்றிவிட்டேன்: “ஊ தௌங், வயது 58. மனைவிக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்தவர். எந்தக் குற்றமும் செய்யாதவர். வெட்டியவர் கோ ஜௌ. கையைப் பிடித்தவன் பியே சோன்.”

கிழக்கே, எல்லையைப் பார்த்து நடக்கிறேன். எவ்வளவு தூரம் முடியும் என்று தெரியவில்லை. அந்த அம்மாவிடம் என் பேச்சை முதலில் காட்டு. படத்தை அவர் கேட்டால் மட்டும்.

பியே சோன்


மேசொட்,
ஏப்ரல் 9

அன்புத் தம்பி,

நீ மார்ச் இருபத்து நான்குக்குப் பிறகு பெட்டகத்தில் எதையும் திறக்கவில்லை. இதையும் திறப்பாயா என்று தெரியாமலே எழுதுகிறேன்.

டோ ஏ மியிங் வந்தார். உன் ஒன்பது நிமிடத்தை முழுதாகக் கேட்டார். படத்தையும் கேட்டார். வேண்டாம் மா என்றேன். “நீ பாத்தியா?” என்றார். பார்த்தேன் என்றேன். “நீ யாரு அவருக்கு? நீ பாக்கலாம், நான் பாக்கக் கூடாதா?” என்றார்.

அசையாமல் பார்த்தார். முடிவுக்குச் சற்று முன்னால், “நிறுத்து. இந்த எடத்துல அவர் என்னமோ சொல்றாரு. சத்தத்தைக் கூட்டு,” என்றார். பத்து முறைக்கு மேல் கேட்டவள் நான், அது வெறும் முனகல் என்றுதான் எழுதி வைத்திருந்தேன். உடைந்த வாயால் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு உடனே புரிந்தது.

“பையை நிழல்ல வைங்கப்பான்றாரு,” என்றார். “மருந்து வெயில்ல கெட்டுடும்.”

அப்போதுதான் அழுதார். நெடுநேரம். நான் தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

பிறகு கேட்டார், “கையைப் புடிச்சிருக்கிறவன் உனக்கு என்ன வேணும்?”

“என் தம்பி.”

“லிங்க்கை மூடாம விட்டது?”

“நான்.”

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அறைவார் என்று நினைத்தேன், அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். எழுந்து மகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் பொறுப்பாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தத் தொகுப்பில் இனி நான் வேலை செய்யக் கூடாது என்றார், அது சரிதான். இந்தக் கடிதங்களும் சாட்சியம்தான் என்று நம் ஃபோல்டரையும் அதோடு சேர்த்துவிட்டோம். இன்று ஐந்து மணியோடு எனக்கு அனுமதி முடிகிறது. நீ எழுதினால் முதலில் வேறொருவர் படிப்பார்.

டோ ஏ மியிங் நேற்று மகளைவிட்டு ஒரு சேதி சொல்லி அனுப்பினார். நீ எல்லை ஆற்றைக் கடந்து இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தால் அவருக்குத் தெரிவிக்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். மகளுக்குத் தெரியவில்லை. “அம்மா சொல்லல. கால் சரியில்லாட்டியும் வருவேன்னு மட்டும் சொல்லச் சொன்னாங்க,” என்றாள்.

சனி, புதன் இரண்டு நாளும் படகு வருகிறது. நான் கரையில் இருப்பேன். அவரும் இருப்பார். இரண்டையும் தெரிந்துகொண்டு வா.

அக்கா